அம்மா கை நனைத்த வீடு

குழாயடியில் குனிந்து நின்றவளின் முதுகைத்தான் முதலில் பார்த்தேன்.

காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் வந்துகொண்டிருந்தேன். மதுரை ஸ்டேஷனுக்கு மேற்கே, காளவாசல் போகிற வழியில் புதுக்குடியிருப்பு என்று ஒரு பேட்டை. அங்கே இருந்த டாக்டரிடம் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எதிரே விறகு ஏற்றிய மாட்டு வண்டி வந்தது. எங்கள் வண்டிக்காரர் ஒரு வீட்டு வாசலை ஒட்டி ஒதுங்கி நின்றார்.

வெள்ளையடிப்பதற்காக அந்த வீட்டு வாசலில் தொங்கும் படுதாவைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே அச்சு. வாசலில் நின்றால் நடை, கூடம், அடுப்படி எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லை வரை கோடு கிழித்ததுபோல் நேராகத் தெரியும். கொல்லையில் ஒரு தண்ணீர்க் குழாய். அதன் கீழே அரக்குக் கண்டாங்கி கட்டிய ஒரு பெண் இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள்.

முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுக ஒழுகக் குடித்தாள். குடித்து முடித்ததும் கையில் மிச்சமிருந்த ஈரத்தை உச்சந்தலையில் தடவிக்கொண்டாள்.

உலகத்தில் அப்படித் தண்ணீர் குடிக்கிறவள் ஒருத்திதான் எனக்குத் தெரியும். என் அம்மா.

அம்மா இருக்க வேண்டியது வாடிப்பட்டியில். மாதக்கணக்காக அவள் மதுரைப் பக்கமே வரவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த வீட்டுக்காரர்கள் எங்களுக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. அவர்கள் ராவுத்தர் குடும்பம். எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ஒரு காலத்தில் நான் வாழப் போவதாக இருந்த வீடு அது என்பதுதான்.

பெயரில் மட்டும் புதுசு

போன மாதம் என் மகள் வாடகைக்கு வீடு தேடி அலைந்தாள். பஸ் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், கடைகண்ணி பக்கம் என்று ஒரு வீட்டுக்கு நூறு மார்க் கொடுத்துவிட்டுக் கடைசியில், “ஆனா ஏரியா பழசும்மா, பாக்க ஒரு மாதிரியா இருக்கு” என்று உதட்டைப் பிதுக்கினாள். எனக்குச் சுருக்கென்றது. “குழாயைத் திருகிப் பாத்தியா?” என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்காகத்தான் இந்த வாரக் கதை.

புதுக்குடியிருப்பு பெயரில் மட்டும்தான் புதுசு. நான் கேள்விப்பட்டபோதே அதற்கு வயதாகியிருந்தது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை. தூண் கிடையாது, வளைவு கிடையாது, வாசல் நிலையில் ஒரு பூவேலைகூடக் கிடையாது. ரயில் கரி படிந்து, பொங்கலுக்கு அடித்த வெள்ளை சித்திரைக்குள் சாம்பல் நிறமாகிவிடும்.

என் கணவர் வீட்டார் அங்கே குடியிருந்தபோது, அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் ஊரிலிருந்து வந்து, வீடு தெரியாமல் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, “தண்ணி கொண்டா தாயி” என்று கேட்டு வாங்கிக் குடித்து, காலை நீட்டிப் படுத்தும்விட்டாராம். அந்த வீட்டுக்காரர் வந்து எழுப்பினபோது, “நீ எப்ப வந்த?” என்று இவர் அவரைக் கேட்டாராம். அதற்குப் பிறகு அடையாளத்துக்கு என் மாமியார் வாசல் நிலையில் ஒரு கற்றாழையைக் கட்டித் தொங்கவிட்டார்.

பார்க்க அவ்வளவுதான். ஆனால் ஆற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற இடம் அந்தப் பேட்டைக்குப் பக்கம். அதனால் கொல்லைக்குக் கொல்லை குழாய் இருந்தது. திருகினால் பகலிலும் தண்ணீர் வரும். டாக்டர் நடக்கிற தூரம். மார்க்கெட் நடக்கிற தூரம். வாடிப்பட்டி பஸ் தெரு முனையில் நிற்கும்.

அழகைத் தவிர அந்தப் பேட்டையில் எல்லாமே இருந்தது.

அங்கம்மா

என் அக்கா அங்கம்மாவைப் பற்றி இதுவரை நான் இந்தத் தொடரில் எழுதவில்லை. எழுதாமலே முடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அவளைக் கீழக்குயில்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல இடம். ஊரிலேயே பெரிய வீடு. முற்றத்தைச் சுற்றி மரத் தூண்கள், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் வாசல். மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வந்த எங்கள் அய்யா பூரித்துப்போய்ச் சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கிறது: “அந்தக் கதவத் தொறக்கவே ரெண்டு ஆளு வேணும்.”

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அய்யாவும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. சமணர் மலையை ஒட்டிப் பாறைச் சரிவில் ஒரு சுனைக் கிணறு. அதிலிருந்துதான் அந்த வீட்டுக்கு எல்லாத் தண்ணீரும். அக்கா இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சுமந்தாள். வயிற்றில் பிள்ளையோடும் சுமந்தாள். ஒரு கார்த்திகை மாதம், மழை பெய்து ஊறிய பாறையில் கால் வழுக்கிவிட்டது.

அக்காவும் இல்லை, அந்தப் பிள்ளையும் இல்லை.

அந்த ஏக்கத்திலேயே அய்யாவும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது அம்மாவும் நானும். அம்மாவுக்கு ஒத்தாசையாக அவளுடைய தம்பி, என் சங்கையா மாமா. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லுவார். வேறு கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது.

காப்பி வேண்டாம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படி ஒரு பஸ்ஸில், ஆனி மாதக் கடைசியில், அம்மாவும் சங்கையா மாமாவும் எனக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் புதுக்குடியிருப்புக்குப் போனார்கள்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. சிறு வயதில் பித்தளைக் குடங்களைத் தலையில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். நடந்த பாதையை மறக்காதவர், அதே சமயம் மற்றவர்கள் அதை நினைப்பதைப் பொறுக்காதவர். யுத்தத்தில் பித்தளை விலை ஏறி, அப்போது அவருக்குக் கையில் காசு புரண்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், மனதுக்குப் பிடித்துச் சம்மதம் ஆகிற வரைக்கும் யாரும் கை நனைக்க மாட்டார்கள். சாப்பாடு கிடையாது, காப்பி கிடையாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறினால் அது பெரிய அவமானம்.

அன்றைக்குக் காப்பி வந்தது. சங்கையா மாமா மரியாதையாகக் கையைக் கூப்பி, “இருக்கட்டுங்கய்யா, அடுத்த வாட்டி” என்றார். வழக்கப்படி அது சரிதான். அதோடு விட்டாரா? அம்மாவை நடைப் பக்கம் அழைத்துப்போய்த் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார்.

“என்னக்கா இது, மாட்டுக் கொட்டத்த வரிசையாக் கட்டுன மாதிரி இருக்கு? ஒரு தூணு உண்டா, ஒரு பூவேல உண்டா? நம்ம புள்ளைய இதுக்குள்ளயா அனுப்பறது?”

மாமாவுக்கு ரகசியம் பேசுகிற குரலே கிடையாது. நடைக்கு வெளியே நின்ற மாப்பிள்ளையின் அப்பா காதில் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. அவர் முகம் சுண்டிப்போய் அங்கிருந்து நகர்ந்துவிட்டார்.

இன்னும் அரை நிமிஷம் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அம்மாவின் பதிலும் அவர் காதில் விழுந்திருக்கும்.

“நீ என்ன தூணோடயா குடும்பம் நடத்தப்போற? பேசாம இரு.”

சொல்லிவிட்டு அம்மா நேராகக் கொல்லைக்குப் போனாள். அங்கே மாப்பிள்ளையின் அம்மா, பின்னாளில் எனக்கு அத்தை, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா குழாயையே பார்த்தபடி நின்றாள்.

“இதுல எந்நேரமும் வருமாம்மா?”

“பகல்ல வரும். ராத்திரிதான் நிப்பாட்டிருவாக.”

“வெளிய போயி எடுக்க வேண்டாமா?”

“எதுக்கு? இதுவே வழிஞ்சு ஓடுது.”

அம்மா குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி ஏந்தி, முழங்கை வழியாக ஒழுக ஒழுகக் குடித்தாள். ஈரக் கையை உச்சந்தலையில் தடவிக்கொண்டாள். அத்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

அத்தைக்குப் புரிந்துவிட்டது. பெண்களுக்கு இதெல்லாம் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே என்னை மருமகளாக நினைக்க ஆரம்பித்துவிட்டதாக அத்தை பிறகு என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆடி மாதம்

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஆவணி பிறக்கட்டும் என்று அம்மா நிம்மதியாக இருந்தாள். கை நனைத்தாயிற்று, இனி என்ன அவசரம்?

அந்தப் பக்கம் நடந்ததே வேறு. வாரக்கணக்கில் வாடிப்பட்டியிலிருந்து தகவல் இல்லாததை என் மாமனார் தன் மனதில் போட்டு அரைத்துக்கொண்டே இருந்தார். மாட்டுக் கொட்டம் என்ற வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை. அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“பொண்ணோட ஆத்தா கை நனைச்சிட்டாகய்யா. நான் என் கண்ணால பாத்தேன்.”

“குழாயில வாய் கொப்புளிச்சா அது கை நனைச்சதா? காப்பிய வேண்டாம்னுட்டுப் போனாக. நானே நின்னு பாத்தேன்.”

இரண்டு பேரும் பார்த்தது உண்மைதான். வீட்டில் யார் பார்த்தது எடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆடி முடிவதற்குள் புதுக்குடியிருப்பு வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் கீழவாசலில் பூட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தர். அந்தப் பணத்தோடு யுத்தப் பணத்தையும் சேர்த்து, பசுமலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கினார். யாருக்காக? எனக்காக. அவர் ஒரு முறைகூட நேரில் பார்க்காத எனக்காக. அதனால்தான் அவரை என்னால் முழுசாகக் கோபிக்கவும் முடிந்ததில்லை.

ஆவணியில் தட்டு, பழம், வெற்றிலையோடு வாடிப்பட்டிக்கு வந்து இறங்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சம்பந்தியம்மா, இனிமே உங்க தம்பி ஒரு கொறை சொல்ல முடியாது. பசுமலைப் பக்கம் வீடு வாங்கிட்டேன். வாசல்ல நாலு தூணு. சன்னலுக்கெல்லாம் கலர்க் கண்ணாடி. மேல ரெண்டு சிங்கம் உக்காந்திருக்கு!”

சங்கையா மாமா, “அப்படிப் போடுங்க!” என்று தொடையில் தட்டினார்.

அம்மாவின் குரல் மட்டும் தாமதமாக வந்தது. “அந்தப் பழைய வீடு?”

“அத வித்தாச்சு. இனி அது நமக்கெதுக்கு?”

“புது வீட்டுல தண்ணி?”

“கெணறு இருக்கு. கோடையிலயும் வத்தாதாம்.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. ஆனால் தூணை எண்ணி, சிங்கத்தைத் தடவிப் பார்த்து வீடு வாங்கியவர், கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை. அது உப்பு.

அம்மா அடுப்படிக்குள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “வேண்டாம்னு சொல்லிரும்மா” என்று நான் கிசுகிசுத்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

“எப்புடித் தாயி சொல்லுவேன்? அந்தம்மா பாக்கக் கை நனைச்சிட்டேன். இனி பேச்சு மாறுனா நான் மனுசியா?”

எந்தக் குழாயை நம்பிக் கை நனைத்தாளோ அது கைவிட்டுப் போய்விட்டது. நனைத்த கை மட்டும் அவளைக் கட்டிப் போட்டது.

சிங்கங்கள் காவல் காத்த வீடு

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த வீடு அழகு. காலை வெயில் கலர்க் கண்ணாடி வழியாக விழுந்தால் கூடத்துத் தரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இருக்கும். புதுப்பெண்ணாகப் போன முதல் வாரம், யாரும் இல்லாதபோது அந்த நிறங்களில் காலை வைத்து வைத்துப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அது சந்தோஷம்தான். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மாடியில் உட்கார்ந்திருந்த சுதைச் சிங்கங்களில் ஒன்றுக்கு ஒரு காது இல்லை. மாமனார் அதற்குச் சிமெண்டில் காது வைக்கச் சொன்னார். கொத்தனார் வைத்தது முயல் காது மாதிரி நீண்டுவிட்டது. நாங்கள் யாரும் அவர் முன்னால் சிரிக்க மாட்டோம்.

கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. நாள் முழுக்க எரித்தாலும் கல் மாதிரி கிடக்கும். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு, கருவேல முள்ளுக்கு நடுவே நடந்து, ஒரு தோப்புக் கிணற்றுக்குப் போக வேண்டும்.

அத்தைக்கு முழங்கால் வலி. வேலைக்கு ஆள் வைத்தால் ஒரு மாதம் தாங்குவாள். அவளுக்கும் முதுகு இருக்கிறது அல்லவா? என் கணவர் விடியற்காலையில் சைக்கிளில் கடைக்குக் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார். பழைய வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளின் இரண்டு பக்கமும் டின்னைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். மாமனார் வாசலிலேயே மறித்தார்.

“பாத்திரக் கடைக்காரன் மகன் டின்னுல தண்ணி தூக்குறதா? ஊரு சிரிக்காது?”

ஆக, நான் சுமந்தேன். குடத்துக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. கடையிலிருந்து புதிது புதிதாக வரும். தளதளவென்று மின்னும்.

கல்யாணமான பிறகு அம்மா முதன்முறையாகப் பலகாரக் கூடையோடு வந்த அன்று, நான் முள்காட்டு வழியில் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக வந்துகொண்டிருந்தேன். அம்மா வந்த வண்டி என்னைக் கடந்தது. வண்டிக்குள்ளிருந்து அவள் என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து, அந்தத் தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு அம்மாவிடம் நீட்டினேன். அவள் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது.

“வேண்டாந் தாயி. பஸ்ஸ விட்டு எறங்குனதுமே குடிச்சிட்டேன்.”

சோறு போட்டேன். தொடவில்லை. விரதம் என்றாள். அடுத்த முறை வந்தபோதும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். மாமனார் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அத்தையிடம் குமுறியது எனக்குக் கேட்டது.

“எம்புட்டுச் செஞ்சும் என்ன? சம்பந்தியம்மா நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டேங்கிறாக.”

எனக்கும் கோபம்தான். அம்மாவுக்கு அந்த வீட்டின் மேல் ஏதோ வீம்பு, அதற்கு என் மரியாதையைப் பலி கொடுக்கிறாள் என்று நினைத்தேன். முதல் பிரசவத்துக்கு, முறைப்படி அழைக்கிற மாதம் வருவதற்கு வெகு முன்னாலேயே வந்து என்னைக் கூட்டிப்போனாள். பிள்ளை தவழ்கிற வரைக்கும் திருப்பி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அவள் வருவதே நின்றுபோனது.

படுதா விலகிய வாசல்

இப்போது அந்தக் குதிரை வண்டிக்கு வருகிறேன்.

வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வீட்டு நடையைக் கடந்து போனேன். ராவுத்தரின் மனைவி ஜொகரா பீவி சுண்ணாம்புக் கையோடு எதிரே வந்தார். நான் யாரென்று கேட்பதற்குள் அம்மா திரும்பிவிட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி நின்றாள்.

அதற்குள் பிள்ளையைப் பார்த்துவிட்டாள். ஈரக் கையால் அதன் நெற்றியைத் தொட்டு, “கொதிக்குதேடி, டாக்டரு என்ன சொன்னாரு?” என்றாள்.

“அது இருக்கட்டும். நீ இங்க என்ன செய்யிற?”

ஜொகரா பீவிதான் பதில் சொன்னார். “உங்க அம்மாவா இவுக? மாசம் ஒருக்க வருவாக. மொத வாட்டி வாசல்ல நின்னுக்கிட்டு, ‘ஒரு வாய் குழாய்த் தண்ணி குடிச்சிக்கிறவா தாயி’ன்னு கேட்டாக. தண்ணிக்கு என்னங்க, அல்லா குடுக்குறது. குடிச்சிட்டு அந்தத் தொவைக்கிற கல்லுல கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாக. போயிருவாக. ஒரு நாளு இடியாப்பம் வச்சேன், வேண்டாம்னுட்டாக.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“மாசா மாசம் மதுரைக்கு வந்துட்டு என்னைப் பாக்காமப் போயிருக்க. பெத்த மக வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்ட. என் மாமனாரு முன்னால நான் தலை குனிஞ்சு நிக்கிறேன். ஊரான் வீட்டுக் குழாயில வந்து குடிக்கிற. நான் உனக்கு என்னம்மா செஞ்சேன்?”

அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

“உன் வீட்டுக்குப் போகணும்னுதான் பஸ்ஸ விட்டு எறங்குவேன். காலு இங்கிட்டுத் திரும்பிரும். இந்தக் குழாயத் தொறந்து பாத்தா, நீ இங்கனதான் இருக்கிற, அடுப்படியில வேலையா இருக்கிறன்னு நெனைச்சுக்கிருவேன்.”

“அங்க வந்தா என்ன?”

“அங்க வந்தா நீ சொம்புல தண்ணி குடுப்ப.”

“குடுத்தா?”

“அங்கம்மாவும் அவ வீட்டுல அப்புடித்தான் குடுத்தா. போறப்பெல்லாம் வாங்கிக் குடிச்சேன். இனிப்பான தண்ணி. இன்னொரு சொம்பு குடுடின்னு கேட்டுக் கேட்டுக் குடிச்சேன். அம்புட்டும் அவ அந்தப் பாறையில சொமந்த தண்ணின்னு ஒரு நாளும் நெனைக்கல. அவளத் தூக்கிட்டு வந்து போட்டப்பதான் தெரிஞ்சது.” பிள்ளையின் தலையைத் தடவினாள். “நீ சொமந்த தண்ணி எனக்கு எறங்காதுடி. எறங்கவே எறங்காது.”

நான் அழுதேன். ஜொகரா பீவி சுண்ணாம்புக் கையாலேயே கண்ணைத் துடைக்கப்போய், எரிச்சல் தாளாமல் குழாயடிக்கு ஓடினார்.

இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் தன் அப்பாவிடம் சொன்னார். மாமனார் மாடிக்குப் போய் அந்த முயல் காதுச் சிங்கத்தின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அடுத்த நாள் பூட்டுக் கடைக்குப் போய், பழைய வீட்டை வாங்கின விலைக்கு மேலேயே தருகிறேன், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாராம்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணே,” என்றாராம் ராவுத்தர். “கடைய வேணும்னா கேளுங்க, தாரேன். என் வீட்டுக்காரி அந்தக் குழாய விட்டுட்டு வரமாட்டா.”

பசுமலை வீட்டுக்குக் குழாய் போடச் சொல்லி மாமனார் சர்க்காருக்கு எழுதிப்போட்டார். இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போகிறது, யுத்தம் முடியட்டும் என்றார்கள். முடிந்தது. அதற்குப் பிறகு வேறு வேறு காரணங்கள் சொன்னார்கள்.

கேட்டது ஒன்றுதான்

அம்மா படுத்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னதும் வாடிப்பட்டிக்கு ஓடினேன். பாதி நினைவு, பாதி மயக்கம். சங்கையா மாமா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக அவரிடம் எந்த அபிப்பிராயமும் இல்லை.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“உன் மாமனாரு குழாய் போட்டுட்டாரா?”

“போட்டுட்டாரும்மா,” என்றேன். “கொல்லையிலதான். திருகுனா கொட்டுது.”

அவள் கை மெல்ல நகர்ந்து என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது. கிணற்றுக் கயிறு இழுத்துக் காய்த்த கை அது. அவளுக்குத் தெரியாததா? அந்த இடத்திலேயே விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பிறகு, “தண்ணி குடு” என்றாள்.

சொம்பிலிருந்து என் கையில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். என் கல்யாணத்துக்குப் பிறகு என் கையால் அவள் தண்ணீர் குடித்தது அன்றைக்குத்தான். அவளால் கையைத் தூக்க முடியவில்லை. அதனால் மிச்ச ஈரத்தை நானே அவள் உச்சந்தலையில் தடவிவிட்டேன்.

கருமாதி முடிந்து பசுமலைக்குத் திரும்பினேன். மாமனார் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

“சம்பந்தியம்மா கடைசியா ஏதும் கேட்டாகளாம்மா?”

“தண்ணி கேட்டாக மாமா.”

“குடிச்சாகளா?”

“குடிச்சாக.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே போய்ப் பார்த்தேன். பானையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு தோப்புக் கிணற்றுக்குக் கிளம்பினேன்.